ஒரு குரல், ஒரு பியானோ, நடுவுல நிறைய இடம்

பாலவாக்கத்துல இருந்து பேசுறேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திட்டுத்தான் ரெக்கார்ட் பண்றேன். அதையும் மீறி ஈசிஆர் பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

எனக்கு அப்போ பதினாலு வயசு. பெரியம்மா வீட்டுல கொலு. அக்கா மோகனத்துல ஒரு பாட்டு பாட உட்கார்ந்தா. பக்கத்துல நான், புதுசா வாங்கின கீபோர்டோட. கிளாஸ்ல கத்துக்கிட்ட சி, எஃப், ஜின்னு மூணு கார்டையும் மாத்தி மாத்திப் போட்டுத் தள்ளினேன். ரெண்டாவது வரியிலேயே அக்கா நிறுத்திட்டா. "டேய், இதுல நான் எங்கேடா பாடுறது?" சுண்டலுக்கு வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அதோட அவகூட நான் வாசிச்சதே இல்லை.

அவ என்ன கேட்டான்னு பல வருஷம் கழிச்சு ஒரு ஜாஸ் ஆல்பம் கேட்டப்போதான் புரிஞ்சது. பாடகர் டோனி பென்னட், பியானோ பில் எவன்ஸ். 1975 ஜூன் மாசம், கலிஃபோர்னியாவுல பெர்க்லி ஊர்ல பதிவு பண்ணினாங்க. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, ரெண்டே பேர். எவன்ஸை உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கலாம். மைல்ஸ் டேவிஸோட 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுல வாசிச்சவர் அவர்தான். அவ்வளவு கை ஓடுற ஆளு, பென்னட் ஒரு வரியை இழுக்கும்போது பல இடத்துல சும்மா இருக்காரு. வரி முடிஞ்ச பிறகுதான் ஏதோ சொல்றாரு. இதுல 'வால்ட்ஸ் ஃபார் டெபி'ன்னு ஒரு பாட்டு இருக்கு, எவன்ஸ் தன் அண்ணன் மகளுக்காகப் போட்ட மெட்டு. தன்னோட சொந்த மெட்டுலகூட பாடகருக்கு வழி விட்டு நிக்கிறாரு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சிக்கில் குருசரண், அனில் ஸ்ரீநிவாசன். குருசரண் கர்நாடக சங்கீதப் பாடகர், புல்லாங்குழல் வாசிச்ச சிக்கில் குஞ்சுமணியோட பேரன். அனில் மேற்கத்திய கிளாசிக்கல் கத்துக்கிட்ட பியானோக்காரர். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுல 'மதிராக்ஷி'ன்னு ஒரு ஆல்பம் இருக்கு. இது ஜாஸ் இல்லை. ஆனா குரலுக்கும் பியானோவுக்கும் நடுவுல இருக்கிற சிக்கல் அதேதான். சொல்லப்போனா இங்கே இன்னும் கஷ்டம்.

ஏன்னா பியானோவால வளைய முடியாது. தோடி காந்தாரத்தை எடுத்துக்கோங்க. அது ஒரு இடத்துல நிக்கிற சுரமே இல்லை, அசைவுதான் அது. பியானோல அந்தக் கட்டையை அழுத்தினா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். இதே காரணத்தைச் சொல்லித்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940-ல இருந்து 1971 வரைக்கும் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டிருந்துச்சு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, "ஒரு கட்டை, ரெண்டு கட்டை"ன்னு நாம சுருதி சொல்றதே அந்த ஹார்மோனியக் கட்டையை வச்சுத்தான்!

அடுத்தது கார்டு. என் கொலு சோகத்துக்கே வர்றேன். ஒரு கட்டையில மோகனம்னா சி, டி, இ, ஜி, ஏ, அஞ்சே சுரம். நான் போட்ட எஃப் கார்டுல மத்திமம் வருது, ஜி கார்டுல நிஷாதம் வருது. ரெண்டுமே மோகனத்துல கிடையாது. அந்த அஞ்சு சுரத்தை வச்சுக் கட்டக்கூடிய சாதாரண மூணு சுரக் கார்டு ரெண்டே ரெண்டுதான், சி மேஜர், ஏ மைனர். அதாவது, அக்கா பாடிட்டிருந்த ராகத்தை நான் கீழே இருந்து அறுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

குருசரண்-அனில் ஜோடியில எனக்குப் பிடிச்ச இடங்கள் எதுன்னா, பியானோ கமகத்தைக் காப்பி அடிக்கப் பார்க்காத இடங்கள்தான். குரல் வளையுது, பியானோ அடியில ரெண்டு சுரத்தை வச்சிட்டுக் காத்திருக்கு. பியானோ சத்தம் அடிச்ச நொடியில இருந்தே தேய ஆரம்பிச்சிடும், குரலோ போகப்போக வளரும். ஒண்ணு மங்க மங்க இன்னொண்ணு எழும்புறதைக் கேட்கத்தான் நான் ஹெட்ஃபோன் மாட்டுறேன். எல்லா இடமும் அப்படின்னு சொல்ல மாட்டேன். சில இடத்துல இனிப்பு கொஞ்சம் தூக்கல், ஹோட்டல் லாபி ஞாபகம் வந்துடுது. மிருதங்கம் இல்லாம என்ன கச்சேரின்னு கேட்கிற மாமாக்களும் உண்டு. அந்தக் கேள்வியும் நியாயம்தான். தாளத்தைத் தாங்க வேறு ஆள் இல்லாதப்போ, அந்தப் பாரம் முழுக்க பியானோவோட இடது கைக்குத்தான் வருது.

போன வாரம் அக்காவுக்கு இந்த ரெண்டு ஆல்பத்தோட லிங்க்கும் அனுப்பினேன். ரெண்டு நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே ஒரு மெசேஜ்: "அந்த கீபோர்ட் இன்னும் இருக்கா?"

இருக்கு. கடல் காத்துல ரெண்டு கட்டை இறுகிப்போச்சு, எடுத்தா வர மாட்டேங்குது. அதுல ஒண்ணு எஃப். மோகனத்துக்கு அது தேவையில்லைன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். இந்த வருஷ கொலுவுக்கு வரச் சொல்லியிருக்கா.

சரி மக்களே, அடுத்த எபிசோட்ல பார்ப்போம். ஃபேனைப் போடணும்.