லாரியின் பின்னச்சு எண்ணெய்ப் பரீட்சை



ஆரணிக்குப் பட்டுப் புடவை வாங்க வருகிறவர்களில் விஷயம் அறிந்தவர், சரிகையின் ஓர் இழையை நகத்தால் சுரண்டி, பொன்முலாமும் வெள்ளியும் விலகியபின் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். ஐயம் தீராவிட்டால் எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கு அனுப்பி, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கணக்குக் கேட்பார். இதே ஊரிலிருந்தும் பக்கத்துக் களம்பூரிலிருந்தும் அரிசி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னச்சில் கிடக்கும் எண்ணெய்க்கும் இவ்விருவகைப் பரீட்சை உண்டு என்பதையும், அது போற்றத்தக்க ஒரு வித்தை என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எஞ்சின் எண்ணெய்க்கு வடிகட்டி உண்டு. லாரிகளின் பின்னச்சிலுள்ள டிஃபரென்ஷியலுக்குப் பெரும்பாலும் அது இல்லை. கிரவுன் சக்கரமும் பினியனும் ஒன்றோடொன்று அழுந்தி வழுக்கிச் சுழலும்போது உதிர்கின்ற துகள்கள், எண்ணெயை வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தில் ஒட்டியவை போக, எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் அச்சுக்குள் நடந்தவற்றுக்கெல்லாம் சாட்சியான அவ்வெண்ணெயைப் பாராமலே கொட்டிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வழக்கம்.

அனுபவஸ்தரான மெக்கானிக் முதலில் முகர்ந்து பார்க்கிறார். பற்களின்மேல் விழும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த எண்ணெய் ஆதலால் புதிதிலேயே அதற்கு ஒரு நெடி உண்டு. கருகிய வாடை வேறு. பிறகு காந்தத்தைத் தடவுகிறார். மெல்லிய கருஞ்சேறு படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலைக் குத்தும் சில்லு அகப்பட்டால் அச்சைப் பிரித்தே ஆகவேண்டும்.

எண்ணெய் வெளுத்துப் பால் நிறமாகத் திரிந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் கமண்டல நாகநதி போன்ற ஆறுகள் பெருகித் தரைப்பாலங்களின்மேல் ஓடும்போது, நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய வண்டி அந்நீரில் இறங்கினால், ஹவுசிங் சட்டென்று குளிர, உள்ளிருந்த காற்றுச் சுருங்கி, பிரீதர் என்னும் காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓட்டுநருக்கு அன்று ஒன்றும் புலப்படாது. பேரிங்கில் துரு ஏறிச் சத்தம் எழும்போதுதான் தெரியவரும். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால், நீர் கலந்த எண்ணெய் படபடவென்று வெடிக்கும். சில நிமிஷங்களில் முடியும் இச்சோதனையை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் செய்யவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனி, ஆய்வுக்கூடத்தின் முறை. 1940-களில் அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் டீசல் எஞ்சின்களுக்காகக் கைக்கொண்ட இம்முறை, நம் ரயில்வேயின் டீசல் பணிமனைகளிலும் வழக்கில் வந்தது. எண்ணெயை அதிக உஷ்ணத்தில் ஒளிரச் செய்து, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் வீசும் ஒளியை அளந்து, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு இரும்பு, இத்தனை பங்கு செம்பு, சிலிக்கன் என்று கருவி சொல்லிவிடுகிறது. இரும்பு பற்களிலிருந்தும் பேரிங்கிலிருந்தும் வருவது. செம்பு வெண்கல வாஷரிலிருந்து வருவது. சிலிக்கன் பெரும்பாலும் சாலைப் புழுதி, சில சமயம் மூடியில் பூசிய சிலிக்கோன் பசை. சிலிக்கனும் இரும்பும் சேர்ந்து உயர்ந்தால், பற்களைக் குறை கூறுமுன் பிரீதரைப் பார்க்கவேண்டும்.

ஆயினும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை இக்கருவி சரிவரக் காண்பதில்லை. பல் உடையும் தறுவாயில் உதிர்பவையோ அவற்றினும் பெரியவை. 1970-களில் அமெரிக்காவில் தோன்றிய ஃபெரோகிராஃபி என்னும் முறை, துகள்களைக் காந்தத்தால் கண்ணாடித் தகட்டில் படியவைத்து, நுண்ணோக்கியில் அவற்றின் வடிவத்தைக் காட்டி இக்குறையைத் தீர்க்கிறது. அதற்கு வசதியில்லாத ஊரில் மெக்கானிக்கின் விரலே அந்த ஸ்தானத்தை வகிக்கிறது. அறிக்கை நன்றாயிருக்கிறதே என்று அவ்விரலை அலட்சியம் செய்தல் தகாது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வண்டி ஓடி நின்று எண்ணெய் சூடாயிருக்கும்போதே, பிளக்கிலிருந்து முதலில் விழும் அடிச்சேற்றை விட்டுவிட்டு, இடையில் வரும் ஒழுக்கைச் சுத்தமான, உலர்ந்த சீசாவில் பிடிக்கவேண்டும். வண்டி ஓடிய கிலோமீட்டரையும், அந்த எண்ணெய் ஊற்றியபின் ஓடிய கிலோமீட்டரையும் சீசாவின்மேல் எழுதவேண்டும். ஏனெனில் 80,000 கிலோமீட்டர் ஓடிய எண்ணெயில் சாதாரணமாகத் தோன்றும் இரும்பு, 8,000 கிலோமீட்டரிலேயே சேர்ந்திருந்தால் அபாய அறிகுறி. புது வண்டியின் முதல் எண்ணெயிலோ, பல்லும் பல்லும் இசைந்துகொள்ளும் காலமாதலால், இரும்பு மிகுந்திருப்பதே இயல்பு.