வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் இடம்



இந்த வாசகர் வட்டத்துக்கு வரும் வழியில் கோயில் வாசலில் ஒரு புதுக் கார் நின்றது. பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, முழம் மல்லியைச் சாத்தி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். குருக்கள் கற்பூரம் காட்டினார். வண்டி ஓரடி நகர்ந்தது, பழம் நசுங்கியது, குழந்தைகள் கை தட்டின. அந்தக் குடும்பத்தின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நானும் நின்று பார்த்தேன். அந்த வண்டி நன்றாக ஓடட்டும் என்று மனதார நினைத்தேன்.

பிறகு என் கண் கதவுக்குப் போய்விட்டது. முப்பத்தோரு வருடம் பிரஸ் ஷாப்பில் நின்றவனுக்குக் கார் என்றாலே தகடுதான். கதவின் உள்பக்கம், கீல் உட்காரும் இடத்தில் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவை, கையால் தகட்டை வைத்து எடுத்துத்தான் ஒரு காலத்தில் அடித்தோம். அதைப் பற்றிச் சொல்லாமல் சங்கத்தைப் பற்றி என்னால் பேச முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே இருந்த பவர் பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் எண்ணிக்கை போதவில்லை என்று, ஒரு பட்டனில் மரச்சக்கையைச் செருகி டேப்பைச் சுற்றிவிட்டார்கள். இப்போது ஒரு கை பட்டனில், மறு கை தகட்டில். பீஸ் கூடியது. எனக்குப் பக்கத்து மிஷினில் நின்ற பையனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு நாள் இரவு ஷிப்டில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அச்சுக்குள் போய்விட்டன. விபத்துப் பதிவேட்டில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். காலையில் அதே மிஷினில் ஒரு கேஷுவல் ஆளை நிறுத்தினார்கள். மரச்சக்கை அப்படியே இருந்தது.

எங்கள் சங்கச் செயலாளர் முதல் ஷிப்டுக்கு வந்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை. நேராகப் போய் மிஷினை நிறுத்தினார். டேப்பைக் கிழித்து, மரச்சக்கையைப் பிடுங்கி, மானேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். “இது இல்லாமத்தான் இனி மிஷின் ஓடும் சார். எத்தனை பீஸ் வருதோ அத்தனைதான் வரும்” என்றார். நாங்கள் நாற்பத்தெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். நான்கு மணி நேரம். அவ்வளவுதான் நடந்தது. பிறகு போட்ட ஒப்பந்தத்தில், பஞ்சப்படி, சீருடை, கேன்டீன் எல்லாவற்றுக்கும் பின்னால், கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்தது: இரு கைப் பட்டனை முடக்கி எந்த மிஷினும் இயக்கப்படாது. கூலி உயர்வு எவ்வளவு வாங்கினோம் என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்த வரி மறக்கவில்லை.

நண்பர்களே, சங்கம் என்றால் கூலி, போனஸ், கொடி, கோஷம் என்றே நம் வீடுகளில் பேச்சு. நான் சொல்ல வந்தது வேறு. ஓடுகிற லைனுக்கு முன்னால் நின்று ‘கொஞ்சம் நிறுத்து’ என்று சொல்லத் தனி ஆளுக்கு வாய் கிடையாது. அந்த வாய்தான் சங்கம். கூலியெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

இந்த வாய் திறந்த ஊர் எது? நம் ஊர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சரித்திரம் சொல்கிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பிறந்தது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் ஆட்களின் சங்கம். ஆனால் அதைக் கட்டிய கைகளில் சில எங்கிருந்து போயின என்று பாருங்கள். பி.பி. வாடியா அடையாறு பிரம்மஞான சபைக்காரர். திரு.வி.க. ராயப்பேட்டைக்காரர், அங்கே வெஸ்லி பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், அப்போது ‘தேசபக்தன்’ ஆசிரியர். இங்கிருந்து நடந்தே போகலாம் அந்தத் தெருக்களுக்கு.

பெரம்பூரில் ஒரு பக்தி சபை இருந்தது. அதை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் மில்லில் வேலை செய்தவர்கள் அல்லர். சாயங்காலம் சபைக்கு வந்த மில் ஆட்கள் சொன்ன குறைகளைக் காது கொடுத்துக் கேட்டவர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போதிய நேரம் இல்லை என்பது அவற்றில் ஒன்று. சோற்றை மெல்ல நேரம் கேட்டுத்தான் நண்பர்களே, இந்த நாட்டில் தொழிற்சங்கம் தொடங்கியது. அந்த இருவரும் அன்னி பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்குப் போய் வாடியாவைப் பார்த்தார்கள். அவர் பெரம்பூருக்குப் போனார்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தடையாணையும் வாங்கியது. சங்கம் வைப்பதே வழக்குக்குரிய விஷயமா என்று நாடு கேட்டது. சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதிலிருந்துதான் வலுத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நடுவில் 1921 ஆகஸ்டில் பெரம்பூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில்தான், திருவல்லிக்கேணியிலும் உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயும், இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். இப்போது அந்தக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை நிற்கிறது. நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அடுத்த முறை நடைப்பயிற்சிக்குப் போகும்போது அவர்கள் காலைப் பாருங்கள். பாறையை நெம்பும் பாரம் முழுக்கக் காலில்தான் இருக்கிறது.

மோட்டார் தொழிலும் நமக்குப் புதிதல்ல. 1903-ல் மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் செய்து இந்த ஊர்த் தெருவில் ஓட்டினார். பிறகு எண்ணூரில் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பாடியில் டிவிஎஸ் குழுமத் தொழிற்சாலைகள். 1990-களின் கடைசியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் வந்தன, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். வேலை தெற்கேயும் மேற்கேயும் நகர்ந்தபோது இன்னொன்றும் நடந்தது. வடசென்னையில் தொழிலாளி ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தான். சங்க அலுவலகமும் டீக்கடையும் அதே தெரு. இன்று விழுப்புரத்துப் பையனும் ஒடிசாப் பையனும் ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கி, ஷிப்ட் மாறி ஷிப்ட் படுக்கிறார்கள். கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது, கொண்டுவந்து இறக்குகிறது. ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாது. நமக்கு இரண்டுமே தெரியாது.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆக்சிஜனுக்காக நாம் ஆளுக்கு ஆள் போன் செய்துகொண்டிருந்தோம். கொரோனா ஊரடங்கு. ஆனால் கார் ஆலைகளுக்கு அனுமதி இருந்தது. ஒரகடத்து ரெனோ-நிஸான் தொழிலாளர் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லைனில் வண்டிகள் நெருக்கமாக வரும்போது ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டுதான் வேலை செய்ய முடியும், இடைவெளி எப்படி விடுவது என்று கேட்டது. அவர்கள் கேட்டது மிகச் சிறிய விஷயம். ஓடுகிற லைனில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே காலி இடம் விடுங்கள் என்றார்கள். அதே மாதத்தில் ஹூண்டாயில் ஆட்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். இரண்டு ஆலைகளும் சில நாள் மூடின.

அந்தக் கோரிக்கையை நான் பேப்பரில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. லைன் தெரிந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு வண்டி உங்கள் முன்னால் வருகிறது. நாலு போல்ட், ஒரு கிளிப், ஒரு ஒயர். முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். முதுகு அரித்தால் சொறியக் கூட நேரம் இருக்காது. ரிலீவர் வந்தால்தான் பாத்ரூம். அந்த இடத்தில் ஒரு காலி இடம் நகர்ந்து வந்தால் அது ஒரு மூச்சு. 1918-ல் சாப்பிட நேரம் கேட்டார்கள், 2021-ல் மூச்சு விட இடம் கேட்டார்கள்.

சங்கம் வந்தால் கம்பெனி ஓடிவிடும் என்று என் உறவுக்காரர்களே சொல்கிறார்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தபோது பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று அந்த நிறுவனமே காரணம் சொன்னது. சங்கத்தைக் குறை சொல்லவில்லை. மூடும்போது சங்கம் இருந்ததால்தான் ஆட்கள் வாசலில் உட்கார்ந்து பேச முடிந்தது. முதலில் சொன்ன இழப்பீட்டைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இன்னொன்று. ஹூண்டாயின் முதன்மை ஆலை இருக்கும் தென்கொரியாவின் உல்சானில் 1987 முதல் பெரிய சங்கம் இருக்கிறது. ஜெர்மனியில் 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர்களுக்கு, 1976-லேயே சட்டம். அந்த நாடுகளில் கார் செய்வது நின்றுபோகவில்லையே!

சங்கங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. கட்சிக்கு ஒரு கொடி வைத்து ஒரே கேட்டில் நாலு கூட்டம் போட்டோம். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒப்பந்தம் பேசிவிட்டு, அதே லைனில் அதே போல்ட்டை முடுக்குகிற கான்ட்ராக்ட் பையனையும் டிரெய்னியையும் பார்க்காமல் வந்தோம். அது நாங்கள் செய்த பெரிய பிழை. கோவை பிரிக்காலில் 2009-லும் மானேசர் மாருதியில் 2012-லும் மனிதவள அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அந்த வீடுகளின் துக்கமும் நம் துக்கம்தான். அப்படி நடந்திருக்கவே கூடாது. பேசுகிற வாசல் திறந்திருந்தால் கை ஓங்க வேண்டிய நிலை வராது என்பதை இரண்டு பக்கமும் உணர வேண்டும்.

அந்த வாசல் இன்று எவ்வளவு திறந்திருக்கிறது? கார் ஆலை இல்லை என்றாலும் ஹூண்டாய் இருக்கும் அதே ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில், சுங்குவார்சத்திரத்தில் இருக்கிற சாம்சங் ஆலையைச் சொல்கிறேன். 2024-ல் ஆயிரம் பேருக்கு மேல் 37 நாள் வெளியே நின்றார்கள். தலையாய கோரிக்கை, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. 1926-ல் கொடுத்த உரிமைக்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்து மழையில் பந்தல் போட்டு உட்கார வேண்டியிருந்தது. இப்போது 2025 நவம்பரிலிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எங்கள் செயலாளர் அன்று அந்த மரச்சக்கையைப் பிடுங்கியதும், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் இன்றைக்குச் சட்டவிரோதம் என்று எழுதப்படலாம். பதினாலு நாளில் எத்தனை விரல் போகும்?

குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதையும் இந்த ஊரே காட்டியிருக்கிறது. 2023 ஏப்ரல் 21-ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. பல சங்கங்கள் ஒன்றாக நின்றன. பத்தே நாளில், மே தினத்தன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சரே அறிவித்தார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தை எல்லோரும் தாண்டிப் போயிருப்பீர்கள். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் அங்கேதான். ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் தகராறு என்றால் பேச்சுவார்த்தைக்குப் பல முறை அங்கே வருவார்கள். உள்ளே நாலைந்து பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியே ஐம்பது பேர் மரத்தடியில் சாயங்காலம் வரை, சில நாள் ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார்கள். சீருடையைப் பார்த்தாலே தெரியும். நானும் அப்படிப் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் கூட, அந்தப் பக்கம் போன ஒருவர் நின்று ‘என்னப்பா, எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க’ என்று கேட்டதில்லை.

அடையாற்றிலிருந்து வாடியா பெரம்பூர் வரை போனார். தேனாம்பேட்டை இங்கிருந்து பத்து நிமிடம். அடுத்த முறை அந்தச் சீருடையைப் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். இறங்கிப் போய்க் கேளுங்கள். உங்கள் வண்டியின் கதவைச் செய்தவன் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடும்.