குழந்தைக்கு வலிப்பா? குறிகாரனுக்கு வரும்படியா?



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கிற விஷயம் குழந்தைகளுக்கு வரும் வியாதியும், அதற்கு நம் ஜனங்கள் செய்யும் வைத்தியமும் என்பதாகும். வியாதிகள் ஆயிரம் இருக்கின்றன. எல்லாவற்றையும் பேச நமக்கு யோக்கியதையும் இல்லை, உங்களுக்குப் பொழுதும் இல்லை. ஆகையால் வலிப்பையும், அதையொட்டிப் “பேய் பிடித்தது” என்று சொல்லப்படுவதையும் மட்டும் எடுத்துக் கொள்ளுகிறோம். மற்ற வியாதிகளுக்கு நம்மவர்கள் அரை மனதோடாவது டாக்டரிடம் போகிறார்கள். இந்த இரண்டுக்கும் மாத்திரம் முதலில் போவது குறிகாரனிடம்.

குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. திடீரென்று கண் சொருகிக் கைகால் வெட்டி இழுக்கிறது. உடனே வீட்டில் நடப்பதென்ன? ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். ஒருவர் பல்லை நெம்பிக் கரண்டியை விடுகிறார். ஒருவர் தண்ணீரை ஊற்றுகிறார். பாட்டி சூடு போடச் சொல்லுகிறாள். இதற்குள் இழுப்பு தானாகவே நின்று விடுகிறது. நின்ற பெருமையைச் சாவி வாங்கிக் கொள்ளுகிறது! சாவிக்கு அந்தச் சக்தி இருக்குமானால், பூட்டு விற்கிறவன் வீட்டில் ஒருவருக்கும் வலிப்பே வரக்கூடாதல்லவா?

காய்ச்சலில் வரும் இந்த வலிப்பு, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருவது. பெரும்பாலும் சில நிமிஷங்களில் அடங்கிவிடுவது. அப்போது செய்ய வேண்டியது வெகு சொற்பம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் கடந்தால் 108 வண்டியைக் கூப்பிடுங்கள். முதல் தடவை வந்ததாயிருந்தால், நின்றுவிட்ட போதிலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டியாக வேண்டும். மூளைக் காய்ச்சலும் இதே வேஷத்தில் வருவதுண்டு.

காய்ச்சலில்லாமல் மறுபடி மறுபடி வருவதுதான் காக்காய் வலிப்பு. பிறக்கும்போது மூச்சுத் திணறியது, தலையில் பட்ட அடி, நாடாப்புழுவின் முட்டை வயிற்றில் போய் மூளையில் கட்டியாவது, இன்னும் பல காரணங்களால் வருவது. இது தெய்வ கோபமல்ல, மூளையில் உள்ள கோளாறே என்று ஹிப்பாக்ரட்டிஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூலில் ஏறக்குறைய 2,400 வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்தாய்விட்டது. 1912இல் ஹாப்ட்மன் என்ற ஜெர்மானிய டாக்டர் பீனோபார்பிடால் மருந்து வலிப்பை அடக்குவதைக் கண்டு வெளியிட்டார். 1929இல் பெர்கர் என்பவர் மனிதன் மூளையிலுள்ள மின்சார அலையைப் படமாக எழுதிக் காட்டினார். இன்று உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இவ்வியாதி இருக்கிறது. தக்க மருந்து கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. இவ்வளவுக்கும் பிறகு நம் ஊரில் வேப்பிலைதான் முன்னால் நிற்கிறது!

நமக்குத் தெரிந்த ஒரு கூலிக் குடும்பம். எட்டு வயதுப் பையன். அவன் கழுத்திலும் இடுப்பிலுமாக ஏழு தாயத்துகள் இருந்தன, அத்தனையும் கடன். நாமே கூட்டிப்போய்ப் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரை இனாமாகவே கொடுத்தார்கள். நாலு மாதத்தில் வலிப்பு நின்றது. பெற்றோர் சேவல் அறுத்து நேர்த்திக்கடன் செலுத்தி, குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். சாதாரணமாக வலிப்பில்லாமல் 2 வருஷமாவது கழிந்த பிறகே டாக்டர் சிறிது சிறிதாகக் குறைப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் காலை பையன் அடுப்பில் விழுந்தான். வலது கை வெந்து போயிற்று. நின்றபோது சாமி நிறுத்தியதாம். திரும்ப வந்தபோது இங்கிலீஷ் மருந்து பலிக்கவில்லையாம்! அவர்களைச் சொல்லி என்ன? அந்த நாலு மாதத்தில் ஒரு தடவையாவது போய் விசாரிக்காமல், பிரசங்கத்திலேயே காலம் கழித்த நமக்கும் அதில் பங்குண்டு. இப்போது பையன் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறான். விரல்கள் இரண்டு மடங்குவதில்லை.

இனிப் பேய். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளையே, அதிலும் பெண்களையே, அது தேடிப் பிடிப்பானேன்? பரீட்சை பயம், வீட்டில் அடி உதை, யாரோ செய்த, வெளியில் சொல்ல முடியாத அக்கிரமம், இவற்றை வாய் சொல்லாதபோது உடம்பு சொல்லுகிறது. பூசாரி “நீ யார்?” என்று பேயைக் கேட்கிறான். “உனக்கு என்னம்மா நடந்தது?” என்று பெண்ணைக் கேட்பார் இல்லை. மனநோய்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன. கட்டிப்போடுவதன் பலனை 2001 ஆகஸ்ட் 6ந்தேதி ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியோடு 28 பேர் நெருப்பில் மாண்டார்கள். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாதென்றும், சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாதென்றும் சொல்லுகிறது.

சட்டம் இருக்கிறது, டாக்டர் போதவில்லை. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794லேயே ஏற்பட்டது. 14416 என்ற டெலிபோனில் 2022 முதல் இலவசமாக யோசனை சொல்லுகிறார்கள். ஆனால் குழந்தைகளின் மனநோயைத் தனியாகக் கற்றவர்கள் மிகக் கொஞ்சம்; கூலிக்காரனோ பஸ் கூலிக்கும் அன்றையச் சம்பளத்துக்கும் நஷ்டப்பட்டுத்தான் போயாக வேண்டும். குறிகாரன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான், கடனுக்கும் செய்கிறான். இதைச் சர்க்கார் கவனிக்காதவரையில் அவனைத் திட்டி மட்டும் என்ன ஆகும்?

ஒரு தோழர் சீட்டுக் கொடுத்திருக்கிறார்: “வலிப்புள்ள பெண்ணுக்குக் கலியாணம் செய்யலாமா? மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கலாமா?” என்று கேட்கிறார். தாராளமாகச் செய்யலாம். வலிப்புள்ளவர் கலியாணத்துக்கு லாயக்கில்லை என்று இந்து விவாகச் சட்டத்தில் 1976இல் சேர்த்திருந்த வாசகத்தை 1999இல் எடுத்துவிட்டார்கள். மறைக்க வேண்டாம். மறைத்தால் புகுந்த வீட்டில் பெண் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிடுவாள், பிறகு விட்டுவிடுவாள், வியாதி திரும்பும். வலிப்பு மாத்திரைகளில் சில கர்ப்பத்திலுள்ள குழந்தைக்கு ஆகாது என்பதால், கலியாணத்துக்கு முன்னமே டாக்டரிடம் கேட்டு மாற்றிக் கொள்ளட்டும். கடைசியாக ஒன்று. சீட்டில் பெண்ணின் வயது பதினாலு என்று எழுதியிருக்கிறது. கலியாணப் பேச்சை இப்போது விட்டு, முதலில் அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.