ஆராய்ச்சிக்கும் முதல் போடுங்கள்!

 

“பட்டம் வாங்கியாயிற்று, இனி ஆராய்ச்சி எதற்கு?” என்று கேட்கிறோம். இந்தக் கணக்கு சரிதானா?

திரும்பத் திரும்பப் படி என்று பிள்ளைகளை விரட்டுகிறோம். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்தும் பாடம் அதிகம் நின்றது என 2006-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் காட்டினார்கள்.

லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையை ஆராய்ந்தார் எலினார் மெக்வயர். வழிகளை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி அவர்களுக்குப் பெரிதாக இருந்ததை 2000-ல் வெளியிட்டார். உழைப்பாளியின் மூளையும் ஆராய்ச்சிக்குரியதே!

ஜோசலின் பெல் பதினோரு வயதில் பள்ளித் தேர்வில் தோற்றவர். 1967-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி மாணவியாக, ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த காகிதத்தில் ஒரு சிறு கிறுக்கலைக் கண்டார். அலட்சியப்படுத்தவில்லை. ‘பல்சர்’ என்னும் துடிக்கும் விண்மீன் வெளிப்பட்டது! 1974-ல் நோபல் பரிசோ அவருடைய வழிகாட்டிக்குப் போனது. அவர் சோர்ந்துவிடவில்லை. 2018-ல் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, வாய்ப்புக் குறைந்த பிரிவுகளின் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

நம் நிலை என்ன? சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மவுலானா ஆசாத் உதவித்தொகையை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. அதைத் திரும்பக் கேட்போம். ஆனால் கேட்டுக்கொண்டே கையைக் கட்டி உட்கார்ந்திருக்கலாமா?

வணிகர்களே! கடை திறந்த அன்றே லாபம் பார்த்தவர் யார்? ஊருக்கு ஒரு ஆராய்ச்சி மாணவரின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே! கேள்வி கேட்கப் பழகுங்கள். நாளைய கண்டுபிடிப்பு உங்கள் கையிலுள்ள காகிதத்திலும் இருக்கலாம்!