தலைநோவும் மனநோவும்



தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. காய்ச்சலையாவது தொட்டறியலாம், தலைவலியை அங்ஙனம் அறிய இயலாது. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. ஆதலால் நெடுநாள் தலைவலியால் வாடுவோர், வலியோடு பிறரது ஐயத்தையும் சுமக்கின்றனர்.

மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ வரும் தலைவலி, 3 மாதங்களுக்கு மேல் தொடருமாயின், அதனை நாட்பட்ட தலைவலி என்பர் மருத்துவர். இத்தகையோரிடத்து மனப்பதற்றமும் மனச்சோர்வும் ஏனையோரினும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

காரணம் என்ன? ‘நாளை திருமண வீட்டில் வலி வந்துவிட்டால் என் செய்வது?’ என்னும் அச்சம் உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கக் கேடு வலியை அழைக்கிறது. அழைப்புகளைத் தவிர்த்துத் தவிர்த்துத் தனிமை வளர, சோர்வு குடிகொள்கிறது. மறுதலையாக, மனச்சோர்வு உடையவர்க்கு ஒற்றைத் தலைவலி தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. மூளையின் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளுக்கு இரண்டிலும் பங்குண்டு. ஆகவே இது மனவலிமைக் குறைவன்று, நோயே ஆகும்.

வலிக்கு அஞ்சி முன்கூட்டியே மாத்திரை விழுங்குவோரும் உளர். சாதாரண வலி மாத்திரையாயினும், மாதத்தில் 15 நாட்கள் வீதம் பல மாதங்கள் உட்கொண்டால், அதுவே தலைவலியை வளர்க்கும்.

செய்யத்தக்கன சில. வலி வந்த நாள், உறக்கம், உணவு, மாத்திரை, மனநிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, மருத்துவரிடம் காட்டுக. உண்ணாநோன்பு சிலர்க்கு ஒற்றைத் தலைவலியைத் தூண்டும். அத்தகையோர் நோன்பேற்கும் முன் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். மனச்சோர்வுக்கெனத் தோன்றிய அமிட்ரிப்டிலின், குறைந்த அளவில் தலைவலியைத் தடுக்கவும் தரப்படுகிறது. ‘மனநோய் மாத்திரை’ என்றஞ்சி அதனைத் தாமே நிறுத்திவிடலாகாது.

எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரங்கள் நீடித்தால் மனநல மருத்துவரை நாடுக. வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாழ்த்தற்க. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி, இரவும் பகலும் அழைக்கலாம்.

இறுதியாக இல்லத்தாருக்கு ஒன்று. ‘வெறும் தலைவலிதானே’ என்னும் சொல்லை இன்றோடு விடுவோம். சொல்லாலும் பிறவுயிரை நோகச் செய்யாமை நாம் வழிவழியாக அறிந்த அறம். இருண்ட அறையில் படுத்திருப்பவர், நம் வீட்டு மருமகளாயினும் மகனாயினும், அவ்வறத்திற்கு முதல் உரியவர்.