வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு ஓர் அழைப்பு



தமிழ்நாட்டுக்குப் போய் வந்த மலேசியப் பெரியவர்களுக்கு, மஞ்சள் பலகை மாட்டிய ஐ.எஸ்.டி. கடைகள் நினைவிருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று வீட்டாருடன் பேசுவார்கள். கண் மட்டும் மேலே ஓடும் கட்டணத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று சொல்லி முடிப்பதற்குள் பணம் ஏறிவிடும். இன்று அதே ஊரிலிருந்து பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே அரை மணி நேரம் பேசுகிறார்கள். அப்படியிருந்தும், ஊர் திரும்பியதும் கைத்தொலைபேசிக் கட்டண ரசீதைக் கண்டு திடுக்கிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இலவசமாகப் பேசியவருக்கு எங்கிருந்து கட்டணம் வந்தது?

இணையத் தொலைபேசி குரலை எண்களாக மாற்றி, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகிறது. மறுமுனையில் அவை மீண்டும் குரலாகின்றன. வழக்கமான வெளிநாட்டு அழைப்பில், அழைப்பை ஏற்று முடித்துக் கொடுக்கும் அந்நாட்டு நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் போய்ச் சேர வேண்டும். இணையத்தில் அந்த நிமிடக் கணக்கு இல்லை. 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கணினி வழியே பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் வந்த ஸ்கைப் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. வாட்ஸ்அப் 2015இல் குரல் அழைப்பைத் தொடங்கியது. வழிகாட்டிய ஸ்கைப் 2025 மே 5ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டுவிட்டது.

அழைப்பு இலவசம்தான், அதைச் சுமந்து செல்லும் இணையம் இலவசமல்ல. தொலைபேசித் துறையில் நெடுங்காலமாக உள்ள முறைப்படி, குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தேவை. போவதும் வருவதுமாக நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட். இன்றைய செயலிகளுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். முகம் பார்த்துப் பேசினால் அது பல மடங்காகும். இவற்றைவிட, பயணிக்குத் தெரியாமல் பின்னணியில் நடப்பவையே பெரிய செலவு. எடுத்த படங்கள் தாமாகவே சேமிப்பகத்துக்கு ஏறும். செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். மலேசிய எண்ணில் ரோமிங் தரவு திறந்திருந்தால் இவை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

ஆகவே விமானம் ஏறும் முன்பே ரோமிங் தரவை அணைத்துவிட வேண்டும், அல்லது நாள் கணக்கிலான ரோமிங் திட்டம் ஒன்றை வாங்கிவிட வேண்டும். இ-சிம் ஏற்கும் தொலைபேசியாக இருந்தால், போகும் நாட்டுக்கான தரவை வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். ரோமிங் தரவை அணைத்தாலும், சாதாரண ரோமிங் வசதி இருக்கும்வரை மலேசிய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். வங்கியின் ரகசிய எண்ணுக்கு அது தேவை. ஆனால் அந்த எண்ணுக்கு வரும் சாதாரண அழைப்பை எடுத்தால் பெரும்பாலும் கட்டணம் உண்டு. உள்ளூர் சிம் போட்டதும், எண் மாறிவிட்டதா என்று வாட்ஸ்அப் கேட்டால் இல்லை என்றே சொல்ல வேண்டும். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து இயங்கும்.

போகும் நாடும் முக்கியம். சீனாவில் வாட்ஸ்அப் 2017 முதல் தடுக்கப்பட்டுள்ளது; அங்கே வீசேட் செயலிதான் புழக்கத்தில் உள்ளது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், ஆனால் குரல் அழைப்புக்குத் தடை உண்டு. அரசின் அனுமதி பெற்ற சில செயலிகளில்தான் பேச முடியும். துபாயில் இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டால், அதற்குள் வீட்டில் இருப்பவர்கள் கலங்கிப்போவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணிப் பார்க்க வேண்டியது மறுமுனையை. இருவரிடமும் இணையமும் ஒரே செயலியும் இருந்தால்தான் அழைப்பு இலவசம். வீட்டில் தனியாக இருக்கும் வயதான தாயாரிடம் பொத்தான் கைத்தொலைபேசியோ பழைய வீட்டுத் தொலைபேசியோதான் இருக்கும். வாட்ஸ்அப் அந்தத் தொலைபேசியை எட்டாது. பிள்ளைகள் எல்லாம் குடும்பக் குழுவில் படம் அனுப்பி மகிழ்ந்திருக்க, செய்திக்காகக் காத்திருக்கும் அவருக்கு மட்டும் எதுவும் வந்து சேராது. அத்தகையோருக்காகவே வைபர் அவுட், ரெப்டெல் போன்ற சேவைகள் உள்ளன. முன்கூட்டியே சிறு தொகை செலுத்திவிட்டு, இணையம் வழியாகச் சாதாரண எண்களை அழைக்கலாம். மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65, இந்தியாவுக்கு 91 என்று நாட்டுக் குறியீட்டைச் சேர்த்தே எண்களைச் சேமித்து வைக்க வேண்டும். அழைக்கும்போது தாயாரின் தொலைபேசியில் புதிய எண் தெரியக்கூடும். மோசடி அழைப்பு என்று அஞ்சி அவர் எடுக்காமல் விடலாம். அதனால் புறப்படும் முன்பே ஒருமுறை அழைத்துக் காட்டி, எந்த நேரத்தில் அழைப்பு வரும் என்றும் சொல்லிவைப்பது நல்லது. இதற்குப் பத்து நிமிடம் போதும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வாட்ஸ்அப் வழியாகக் காவல் துறையையோ ஆம்புலன்சையோ அழைக்க முடியாது. மலேசியாவில் 999, இந்தியாவில் 112. இவற்றைச் சாதாரண அழைப்பாகத்தான் அழைக்க வேண்டும். அடுத்து, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அதைக் கொடுத்தால் வாட்ஸ்அப் கணக்கே பறிபோகும். அதன் பிறகு, வெளிநாட்டில் சிக்கிக்கொண்டதாகவும் உடனே பணம் வேண்டுமென்றும் பயணியின் பெயரிலேயே உறவினருக்குச் செய்தி போகும். அவர் பயணத்தில் இருப்பது தெரிந்தவர்கள் அதை எளிதில் நம்பிவிடுவார்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை முன்பே போட்டுவைத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

பெட்டி கட்டும் நாளில் கடப்பிதழையும் மருந்தையும் சரிபார்ப்பதுபோல் தொலைபேசியையும் சரிபார்க்க வேண்டும். முக்கியமான நான்கைந்து எண்களை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்கலன் தீர்ந்தாலும் அந்தத் தாள் உதவும். அதே தாளின் படி ஒன்று வீட்டில் இருக்கும் அம்மாவின் தொலைபேசிக்கு அருகிலும் இருக்கட்டும்.