பிளாஸ்மாவுக்குள் ஒரு கம்பி

உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. ரேடியோவில் சிற்றலை சரியா எடுக்கணும்னா மாடியில் நீளமா ஒரு கம்பி கட்டுவாங்க. சோளிங்கர், ஆம்பூர்னு எந்த ஊரா இருந்தாலும் இதே வேலைதான். தூர தேசத்து அலை வானத்தில் பட்டுத் திரும்பி அந்தக் கம்பிக்கு வரும். அது எதில் பட்டுத் திரும்புது? பிளாஸ்மாவில்.

சூரியனின் புற ஊதாக் கதிர் மேல் வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிச்சிடும். 300 கிலோமீட்டர் உயரத்தில், பகலில், ஒரு கன மீட்டரில் சுமார் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்கள்கூட இருக்கும். அந்த அடர்த்திக்கு பிளாஸ்மாவின் சொந்த அதிர்வெண் சுமார் 9 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருக்கும் அலை உள்ளே போகாது, திரும்பிடும். ஜிபிஎஸ் 1575 மெகாஹெர்ட்ஸ், அதனால் கடந்து வந்துடுது.

சரி, அந்த மாடிக் கம்பியையே பிளாஸ்மாவுக்குள் கொண்டு போனால்?

எலக்ட்ரான் எடை குறைவு, வேகம் அதிகம். அயனியை முந்திக்கிட்டு வந்து கம்பியில் ஒட்டும். கம்பி நெகட்டிவ் ஆகும், அடுத்து வரும் எலக்ட்ரான்களைத் தள்ளும். அதனால் கம்பியைச் சுற்றி எலக்ட்ரான் குறைந்த ஓர் உறை உருவாகும். இப்போ டிரான்ஸ்மிட்டருக்குத் தெரிவது வெறும் கம்பி இல்லை. கம்பி, உறை, பிளாஸ்மா மூன்றும் சேர்ந்த ஒன்று. தரையில் அளந்த இம்பீடன்ஸ் அங்கே பொருந்தாது.

1962-ல் கனடா அனுப்பிய அலூவெட் 1 இதைக் காட்டியது. அதன் நீண்ட ஆன்டெனா முனைக்கு முனை 45 மீட்டருக்கு மேல். சிற்றலைத் துடிப்பு அனுப்பினால், சில அதிர்வெண்களில் துடிப்பு நின்ற பிறகும் சுற்றியிருந்த பிளாஸ்மா மணி மாதிரி ஒலிச்சுக்கிட்டே இருந்தது. அந்த அதிர்வெண்ணை வைத்தே எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட்டாங்க. ஆன்டெனா தன் சூழலையே அளக்கும் கருவியாச்சு.

நம்ம சந்திரயான் 3 இதற்கு நெருங்கிய ஒரு வேலையைச் செய்தது. 2023 ஆகஸ்டில் இறங்கிய விக்ரமில், ஒரு மீட்டர் கையின் நுனியில் 5 சென்டிமீட்டர் உலோக உருண்டை இருந்தது. அதுதான் ரம்பா லாங்முயர் ப்ரோப். மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி, உருண்டைக்கு வரும் மின்னோட்டத்தை அளந்தது. முதல் கணிப்பு: கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள். கணக்குப் போட்டால் பிளாஸ்மா அதிர்வெண் சுமார் 20 முதல் 50 கிலோஹெர்ட்ஸ்தான்.

விக்ரம் பூமியோடு பேசிய அலைவரிசை இதைவிடப் பல ஆயிரம் மடங்கு மேலே, அதனால் அதற்குத் தடை இருக்கலை. ஆனா நாளைக்கு நிலாவில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைக் கேட்க ஆன்டெனா வைப்பவர், முதலில் பார்க்க வேண்டிய எண் இது. கம்பி எவ்வளவு நீளம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அதைச் சுற்றி என்ன இருக்குன்னு தெரியணும்.